மாப்பிள்ளை மாட்டிய இஞ்சின்

நர்ஸம்மாவின் காரில் இருந்த பெட்ரோல் இஞ்சின், ஒரு மழைநாளில் நடுரோட்டில் 'டமார்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போனது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதுதான் அவர் வேலை. கார் இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரி. பேசாமல் காரைத் தலைமுழுகிவிடச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னபோது, மகளைக் கட்டிய மெக்கானிக் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"பின்னாடி அடிவாங்கின டெலிவரி வேன் ஒண்ணு எங்க ஷெட்டுல நிக்குது அத்தை. டீசல் இஞ்சின். முன்பக்கம் ஒரு கீறல்கூட இல்ல. அதைத் தூக்கி இதுல மாட்டிடலாம்."

கல்யாணமானதிலிருந்து மாமியாரிடம் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. நர்ஸம்மா கல்யாணத்துக்கு வந்தார், போட்டோவுக்கு நின்றார், போனார். பிறகு எப்போது பார்த்தாலும் "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?", "இருக்கேன் அத்தை." அத்தோடு சரி.

ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அந்தக் காருக்கடியில் படுத்தே கழித்தார் மாப்பிள்ளை. டேங்கை மாற்றினார், டீசல் குழாய் இழுத்தார், வயர்களைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். ஒருவழியாக, லேசான நடுக்கத்தோடு கார் வீடு திரும்பியது. நர்ஸம்மா தெருமுனை வரை போய்வந்து, "ஓடுது" என்றார். அது பாராட்டா புகாரா என்று மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை.

மாற்றிய இஞ்சினைப் பதிவு செய்ய, கார் புகைச் சோதனையில் தேற வேண்டும். அதுவரை ஓட்டத் தற்காலிக அனுமதிதான். அது முடியப்போகும் நேரத்தில் இருவரும் சோதனைக் கூடத்துக்குப் போனார்கள். இஞ்சினை மாட்டியவரும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

புகை படிந்த சுவர்களும் பெரிய இரும்புக் கதவுமாக இருந்தது கூடம். சோதிக்கும் பெண் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து இஞ்சின் எண்ணைப் பார்த்தாள்.

"இஞ்சின் பழசு. ஆனா புகை அளவுக்குக் கார் எந்த வருஷமோ அந்த வருஷக் கணக்குத்தான். கொஞ்சம் கெடுபிடியாத்தான் இருக்கும். டைமிங் பெல்ட் எப்படி?"

"புதுசுங்க. நானே மாத்தினது."

"ஆக்சிலரேட்டரை அடிவரைக்கும் மிதிப்பேன். பெல்ட் அறுந்தா இஞ்சின் காலி. அதான் கேட்டேன்."

நர்ஸம்மாவின் முகம் வெளுத்தது. அந்தப் பெண் காதுமூடியை மாட்டிக்கொண்டு, மீட்டரின் குழலைப் புகைபோக்கிக்குள் சொருகிவிட்டு, காரில் ஏறி ஒரே மிதியாக மிதித்தாள். இஞ்சின் அலறியது. கன்னங்கரேலென்று புகை கிளம்பிச் சுவரை மறைத்தது. நர்ஸம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இன்னும் சில முறை மிதித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"தேறல."

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. "இன்ஜெக்டர் சுத்தம் பண்ணிட்டேனே... ஃபில்டர்கூட புதுசுதானே..." என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார்.

"வண்டியை யாரு ஓட்டறது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான்தான்" என்றார் நர்ஸம்மா. "ரெண்டாவது கியர். மிஞ்சிப்போனா மூணு."

"அப்படி ஓட்டினா குழாய் முழுக்கக் கரி அடைஞ்சிருக்கும். இஞ்சினும் சரியா சூடாகல. பெரிய ரோட்டுல நல்லா விரட்டிட்டு, சூடு ஆறாம கொண்டு வாங்க. மூடறதுக்குள்ள வந்தா இன்னொரு தடவை பாத்துடலாம்."

மாப்பிள்ளை சாவிக்குக் கை நீட்டினார். நர்ஸம்மா அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

நெடுஞ்சாலை ஏறியும் கார் ஊர்ந்தது. லாரிகள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப்போயின.

"இன்னும் மிதிங்க அத்தை."

"மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுக்குப் பேரு மிதிக்கறது இல்ல அத்தை, தடவிக் குடுக்கறது."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், "பயந்து பயந்துதான் ஓட்டினேன் மாப்பிள்ளை" என்றார்.

"தெரியும் அத்தை. என் வேலை மேல உங்களுக்கு நம்பிக்கை இல்ல."

"அட, அதில்ல. வண்டி நின்னா எனக்கென்ன, பஸ்ஸுல போயிட்டுப்போறேன். உங்ககிட்ட நான் ஒட்டாம இருக்கேன்னு என் பொண்ணுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். நீங்க பாடுபட்டு மாட்டினது என் கையில உடைஞ்சா, வேணும்னே உடைச்சேன்னு சொல்ல மாட்டாளா? நீங்களும் அப்படித்தானே நினைப்பீங்க?"

மாப்பிள்ளை இருக்கையில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "உடைஞ்சா உடையட்டும் அத்தை" என்றார். "திரும்ப மாட்டறேன். நான் எதுக்கு இருக்கேன்?"

நர்ஸம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் காலை அழுத்தினார்.

பின்னால் கரும்புகை எழும்பி, கண்ணாடியில் சாலையே தெரியாமல் போனது.

"ஐயய்யோ, தீப்பிடிச்சிருச்சா?"

"கரி போகுது அத்தை! காலை எடுக்காதீங்க!"

கார் சீறிக்கொண்டு மேட்டில் ஏறியது. திட்டிக்கொண்டு போன லாரிகளை நர்ஸம்மா ஒவ்வொன்றாகப் பிடித்துத் தாண்டினார். கண்ணாடியில் புகை மெலிந்து, பிறகு சாலையும் வானமும் பளிச்சென்று தெரிந்தன. மாப்பிள்ளை கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைத் தொங்காத குறையாகப் பிடித்திருந்தார்.

"போதும் அத்தை, இது கார்தான், ஏரோப்ளேன் இல்ல."

"பேசாம உக்காருங்க மாப்பிள்ளை. இப்பதான் வண்டி சொன்னபடி கேக்குது."

கூடத்தில் இஞ்சின் மறுபடியும் அலறியபோது நர்ஸம்மா கைப்பையைத் தோளில் மாட்டியபடி சாதாரணமாக நின்றார். மாப்பிள்ளைதான் கண்ணை மூடிக்கொண்டார். குழாயிலிருந்து சன்னமாக ஒரு சாம்பல் நூல் வந்தது, அவ்வளவுதான்.

"தேறிடுச்சு" என்றாள் அந்தப் பெண். "இனிமே அடிக்கடி இப்படி விரட்டுங்கம்மா."

வெளியே வரிசையில் நின்ற ரொட்டி வேன்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேனும் இஞ்சின் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது. "இதை யாரு மாட்டினது?" என்று கேட்டார்.

"எங்க மாப்பிள்ளைதான். சுத்தமான வேலை" என்றார் நர்ஸம்மா.

"நம்பர் குடுங்களேன்."

நர்ஸம்மா போனை எடுத்துத் தேடினார். அதில் மாப்பிள்ளையின் நம்பரே இல்லை. எது வேண்டுமானாலும் மகள் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவது வழக்கம். முகம் லேசாகச் சிவக்க, "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை சொன்னார். வேன்காரர் பதிந்துகொண்டார், நர்ஸம்மாவும் பதிந்துகொண்டார். அடுத்த நொடியே மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் புரியாமல் நிமிர்ந்தார்.

"நான்தான்" என்றார் எதிரில் நின்ற நர்ஸம்மா, போனைக் காதில் வைத்தபடியே. "சரியா வருதான்னு பாத்தேன். ஏறுங்க, உங்களை ஷெட்டுல விட்டுட்டு நான் வேலைக்குப் போகணும்."