வலப்பக்கத்துப் பொத்தான்

விளக்கு எரியவில்லை. மார்லிஸ் கொட்டகையில் நின்ற பிக்கப்பின் ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி, சோதனை விளக்கின் ஊசியை அடுத்த வயரில் குத்தினாள். அங்கும் எரியவில்லை. கறுப்புப் பாவாடைக்கு மேல் அப்பாவின் எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியைப் போட்டிருந்தாள்.

"சாவியத் திருப்புடா."

தம்பி டேரல் கதவுக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டித் திருப்பினான். எஞ்சின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது, பிடிக்கவில்லை.

"நாப்பத்தேழு வருஷத்து பிக்கப். அதுக்கும் இன்னைக்குத் துக்க லீவு போல" என்றான் அவன். "மணி பத்து பத்து. பதினொன்னுக்கு ஆராதனை. நாம போறதுக்குள்ள சர்ச்சுல சாண்ட்விச்செல்லாம் காலியாயிடும்."

"உனக்கு அதான் கவலை."

சவப்பெட்டி ஏற்கெனவே சர்ச்சில் இருந்தது. அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இந்த வண்டியில்தான் போக வேண்டும். அப்பா ஓர்வல் தன் பிள்ளைகளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். "அந்தக் கறுப்பு வேன்ல ஏத்துனீங்க, எந்திரிச்சு நடந்தே போயிடுவேன்" என்று கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை இதே கொட்டகையில், தனியாக இருந்தபோது இறந்துபோனார். இதயம் என்றார் டாக்டர்.

"பேட்டரிலேருந்து காயிலுக்கு நேரா ஒரு வயர இழுத்து வுடு. கெளம்பிடும்" என்றான் டேரல்.

"கெளம்பும். ஏன் கெளம்பலன்னு தெரியாதே."

"தெரிஞ்சு இன்னைக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் தானியக் கிடங்கில் பத்தொன்பது வருடமாக மின் வேலை பார்க்கிறவள். ஒரு பழுதை முகத்துக்கு முகம் பார்க்காமல் விட்டதில்லை. அதோடு, போன ஞாயிறு அம்மாவும் அப்பாவும் இதில்தான் சர்ச்சுக்குப் போய் வந்தார்கள். சாவித் துளைவரை மின்சாரம் வருகிறது. அதிலிருந்து ரோஜா நிற வயரில் வெளியேயும் போகிறது. ஆனால் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் காயிலுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருப்பது ஆறடி. அந்த ஆறடிக்குள் எங்கே போகிறது?

விரலால் வயரைத் தடவிக்கொண்டே போனாள். ஹீட்டருக்குப் பின்னால் வயர் தடித்தது. டேப்பைப் பிரித்தாள். ரோஜா வயர் வெட்டப்பட்டு, ஆரஞ்சு வயரோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. விதைப்பு எந்திரத்துக்கு அப்பா வாங்குகிற வயர். பற்றவைப்பு அத்தனை சுத்தம்.

"டேய், இது பழுதில்ல. அப்பா வேணும்னே செஞ்சிருக்காரு."

ஆரஞ்சு வயர் டாஷ்போர்டுக்கு அடியில் வலப்பக்கமாக ஓடியது. அவளும் அதன் பின்னாலேயே முழங்காலில் நகர்ந்தாள். பக்கத்து இருக்கையைத் தாண்டி, வலது கதவோரம், பழைய டிராக்டரின் ஹாரன் பொத்தான் ஒன்றில் போய் அது முடிந்தது. பொத்தானின் மறுபக்கத்து வயரில் ஊசியைக் குத்திக்கொண்டு அழுத்தினாள். சோதனை விளக்கு எரிந்தது. விட்டாள். அணைந்தது.

"திருட்டுக்குப் பூட்டு" என்றான் டேரல்.

"திருடனுக்குன்னா ஒரு தடவ தட்டி விடுற சுவிட்ச் போதாதா? இது கைய எடுத்தா எஞ்சின் நின்னுடும். ஓட்டுறவனுக்கு எட்டவும் எட்டாது."

பொத்தானின் ரப்பர் நடுவில் குழிந்து வழவழவென்றிருந்தது. ஒரு கட்டைவிரலின் குழி. மார்லிஸ் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவளுடையது பெரியது.

நிமிர்ந்தபோது கொட்டகை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கோட்டு, தொப்பி, கைப்பை எல்லாம் தயார். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"அம்மா, இது உனக்குத் தெரியுமா?"

ஆர்டிஸ் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டாள்.

"மூணு வருஷமாச்சு. டவுனுக்குப் போற வழில உங்கப்பாவுக்குக் கண்ணு மேல சொருகி, கை காலெல்லாம் வெட்டிக்கிச்சு. வண்டி கிழங்குக் காட்டுக்குள்ள எறங்கிப்போச்சு. டாக்டர்கிட்ட சொன்னா லைசென்ஸப் புடுங்கிடுவாங்கன்னாரு. அப்படின்னா நான் வண்டில ஏறமாட்டேன்னேன். மறுநாளே இத மாட்டிட்டு வந்து நிக்கிறாரு. 'நீ புடிச்சுக்க ஆர்டிஸ். நான் போயிட்டேன்னா கைய எடுத்துடு'ன்னாரு."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றான் டேரல்.

"சொன்னா ஓட்ட விட்டிருப்பீங்களா?"

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"காலைலேருந்து நான் இதுக்குள்ள உருளுறேன்" என்றாள் மார்லிஸ். "நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான இருந்த?"

அம்மா வண்டியைச் சுற்றி வந்து, வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். பார்க்காமலே கை கீழே போயிற்று.

"திருப்பு" என்றாள்.

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆராதனை முடிந்ததும் பெட்டியை வண்டியின் பின்னால் ஏற்றினார்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றரை மைல். மார்லிஸ் நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். வழி நெடுக அம்மா எதிரே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

வெட்டிய குழிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி கியரை விடுவித்தாள் மார்லிஸ். அவள் கை சாவிக்குப் போனது. வலப்பக்கம் ஒருமுறை பார்த்தாள்; அம்மாவின் கட்டைவிரல் இன்னும் பொத்தானில் அழுந்தியிருந்தது. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டியை இறக்க வந்த ஆறு பேரும் பின்னால் போய் நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. வெள்ளைப் புகை அவர்கள் முழங்கால்களைச் சுற்றி ஏறியது. டேரல் பின்கதவில் கையை வைத்தபடி, அதைத் திறக்காமல் நின்றான். போதகர் பிரித்த புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு, வயலைப் பார்த்தபடி நின்றார்.