போல்ட் தலையில் சந்தனம்

"வால் சட்டம் வளைஞ்சிருச்சு பிரேமா. நாளைக்கு இன்ஸ்பெக்டர வரவேணாம்னு சொல்லிரு."

மதிவாணன் ஸ்பேனரைத் தகர டப்பாவில் வீசிவிட்டுக் கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்தார். பிரேமலா விமானத்தின் வாலைத் திரும்பிப் பார்த்தாள். சிம்பாங் ரெங்கம் ஊரில் தங்கள் வீட்டுக்குப் பின்னால், புருஷனும் பெண்டாட்டியுமாக ஞாயிறு என்றும் பாராமல் வருஷக் கணக்காகக் கட்டிய குட்டி விமானம் அது. கட்டியதில் பெரும்பங்கு அவருடையது. ஓட்டும் லைசென்ஸோ அவளுடையது. செனாய் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு பறக்கப் படித்து வாங்கியது. நாளைய சோதனையில் தேறினால்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்பலாம். நாளையை விட்டால் அடுத்த தேதி எப்போதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வம்பு பண்ணியது வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான். பெடலை மிதித்தால் அது இரண்டு பக்கமும் இருபத்தைந்து பாகை திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல்கூடப் போகக் கூடாது. போனால் பக்கத்து வால்சிறகில் இடிக்கும். வானத்தில் இடித்தால் கதை முடிந்தது. அதனால்தான் பக்கத்துக்கு ஒரு தடுப்பு போல்ட். சுக்கானின் இரும்புக் கை அதன் தலையில் வந்து முட்டி நின்றுவிடும். போல்ட்டை உள்ளே திருகினால் சுக்கான் கூடுதலாகத் திரும்பும், வெளியே எடுத்தால் குறையும்.

ஆயுத பூஜைக்கு முன்பு இரண்டு பக்கமும் அளவு சரி. பூஜைக்கு மறுநாள் பார்த்தால் வலப்பக்கம் இருபத்து மூன்று. மதிவாணன் போல்ட்டை உள்ளே திருகிச் சரிசெய்தார். இன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை மிதித்துப் பார்த்தால் இருபத்தேழு!

"அலமாக், பூட்டு நட்டு அசையவே இல்ல. அப்போ வளைஞ்சது சட்டம்தானே?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இரும்பு என்ன கைக்குழந்தையா, நாளுக்கொரு குணம் காட்ட? தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரேமலாவுக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. இவர் சோதனையைத் தள்ளிப்போடச் சாக்குத் தேடுகிறாரோ என்று கோபமும் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வாலுக்கடியில் நுழைந்தாள்.

வலப்பக்க போல்ட்டின் தலையில் மஞ்சள் கறை. நேர் கீழே, சிமெண்டுத் தரையில் காய்ந்த சந்தனச் சில்லு ஒன்று, நடுவில் குங்குமத்தோடு கிடந்தது. அதன் மேல் இரும்புக் கையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"ஏங்க, சட்டமும் வளையல ஒண்ணும் வளையல. பூஜையன்னிக்கு இந்தச் சந்தனம் காய்ஞ்சு சுக்கான முன்னாடியே நிறுத்திருக்கு. நீங்க அதுக்குத் தோதா போல்ட்ட திருகிட்டீங்க. இப்ப சந்தனம் உதிர்ந்திருச்சு, அளவு தாண்டிருச்சு. நான் மூக்குக்கும் சக்கரத்துக்கும்தானே பொட்டு வெச்சேன். இங்க வெச்சது யாரு?"

மதிவாணன் தலையைச் சொறிந்தார். இரும்புக்கு எதுக்குப் பொட்டு என்று வருஷா வருஷம் கேலி பண்ணுகிறவர்.

"நான்தான். நீ உள்ள போனப்புறம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் வெச்சேன். காலையில தொடச்சிட்டேன். இது ஒண்ணு விட்டுப்போச்சு போல."

"சாமியே கும்புட மாட்டீங்களே!"

"பறக்கப் போறது நானா? நீதானே லா."

அவர் டப்பாவிலிருந்து ஸ்பேனரை மறுபடி எடுத்தார். பிரேமலாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷன் இத்தனை பயத்தையும் மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டா ஒவ்வொரு நட்டாக முடுக்கினார் என்று நினைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இருவருமாக போல்ட் தலையைத் துடைத்து, பழைய இடத்துக்கு வெளியே எடுத்து, பாகைமானியை வைத்துப் பார்த்தார்கள். இருபத்தைந்து. பூட்டு நட்டை இறுக்கி மறுபடியும் அளந்தார்கள். பிறகு டார்ச் அடித்து மற்ற எல்லா போல்ட்டையும் பார்த்தார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஹம்சா பெடலை இடமும் வலமும் பலமாக மிதித்தார். இரண்டு பக்கமும் இரும்பில் இரும்பு முட்டி டக்கென்று நின்றது. மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்த்து முடித்து, "போலே தெர்பாங்," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பறக்கலாம்!

அவர் கார் கிளம்பியதும் பிரேமலா சாமி படத்தடியிலிருந்து சந்தனம் குழைத்து வந்து மதிவாணன் நெற்றியில் தாராளமாக அப்பினாள்.

"இனிமே இங்க மட்டும் வைங்க. அளவு மாறாது."

அன்று முழுக்க அவர் அதைத் துடைக்கவே இல்லை.