பவுனுத்தாயின் வயல் பயிற்சிக்குப் போனது

எங்கள் வட்டாரத்தில் மகசூலைக் கூட்டும் பயிற்சியை மூன்று வருடங்களாக வயல்களுக்கே நேரடியாகக் கொடுக்கிறோம். முன்பு விவசாயிகளுக்குக் கொடுத்தபோது, சொன்னதை வயல் கேட்க மாட்டேன் என்கிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. ஊர் ஊராகப் போய் வயல்களைப் பேருந்தில் ஏற்றிவருவது உதவி வேளாண்மை அலுவலரான என் வேலை. வரப்பை மட்டும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் படியில் சிக்கிக்கொள்ளும்.

பவுனுத்தாயின் வயல் ஒரு ஏக்கர் மானாவாரி. கடலை போட்டால் பன்னிரண்டு மூட்டை, அதற்கு மேல் ஒரு காய் கிடையாது. பயிற்சியில் தேறாத வயலை வேறு ஊருக்கு, வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த வயல் மட்டும்தான். தூக்குவாளி நிறையத் தொழுஉரம் கொடுத்து அனுப்பினாள்.

"வெளியூர் எரு இதுக்குச் சேராது சார். பயந்த சுபாவம். பாத்துக்கங்க."

பயிற்சிக் கூடத்தில் கிணற்றுப் பாசன வயல்கள் வழக்கம்போல முன்வரிசையைப் பிடித்துக்கொண்டன. எத்தனை மூட்டை தருவாய் என்று நிபுணர் ஒவ்வொன்றாகக் கேட்டார். முப்பது என்றது ஒன்று. இன்னொன்று முப்பத்தைந்து என்றது. அதற்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். பவுனுத்தாயின் வயல் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, பன்னிரண்டு என்றது. இருபது என்று சொல்லித் தொலையேன் என்று ஜாடை காட்டினேன்.

"மண்ணில் குறையா?" என்றார் நிபுணர்.

"இல்லீங்க. இருபத்தஞ்சுகூட வெளையலாம். அம்புட்டுக்கும் களைவெட்ட ஆத்தாதான குனியணும்? இப்பவே ஒரு நிரை முடியுமுன்ன இடுப்பப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருது. அதான் பன்னெண்டோட நிறுத்திக்கிட்டேன்."

நிபுணர் நியாயமான மனிதர். குறை வயலில் இல்லை என்று எழுதி, பவுனுத்தாயின் இடுப்பைப் பத்து நாள் பயிற்சிக்கு அழைத்தார். அது தேறினால் வயல் அவளோடு இருக்கலாம்.

வயல் ஊர் திரும்பி, விதைத்து இருபதாம் நாள், களைவெட்டும் நேரத்தில் இடுப்புக்கு அழைப்பு வந்தது. பவுனுத்தாய் இடுப்பைத் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

"ஜன்னலோரமா வைங்க சார். குலுங்குனா அதுக்குத் தாங்காது."

இடுப்பில்லாமல் நிற்க முடியாதே, அதனால் வயல் வாசல்வரை வந்து அவளைப் படுக்கவைத்துத் தூக்கிப்போனது. களையை அதுவே பிடுங்கிப் போட்டுக்கொண்டது.

இடுப்பு நன்றாகவே படித்தது. ஆறாம் நாள், அதுவரை எதற்கும் முடியாது என்று சொல்லிப் பழகாத அது, மதியத்துக்கு மேல் குனிய முடியாது என்று வாய்விட்டுச் சொன்னது. நிபுணர் கைதட்டினார். சான்றிதழும் கொடுத்துவிட்டார்.

பதினோராம் நாள் நான் அதைக் கொண்டுவந்தபோது பவுனுத்தாய் கடலைப் பூக்களுக்கு நடுவே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பகலில் கண்மூடியதில்லை என்பார்கள்.

"எழுப்பாதீங்க சார்," என்றது வயல்.

அவள் முகத்தில் வெயில் படாமலிருக்கப் பக்கத்து வயல் எழுந்து நின்று நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. செடிகள் சரிந்துவிடாமல் அதன் ஓரத்தை நானும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன்.