காட்டில் சொன்ன பெயர்

காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எங்கள் தோட்டத்து ஜனத்துக்கெல்லாம் இது தெரியும். பெயரைக் கேட்டால், அங்கே இருக்கிற ஏதோ ஒன்று அந்த ஆளைப் பிடித்துக்கொள்ளுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாங் பெச்சா மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதுமே கோகிலன் அதைத்தான் சொன்னான்.

"மேல ஏறிட்டா 'ஓய்' மட்டும்தான். பேரு கீரு வாயில வரக் கூடாது."

அடுத்த மாதம் அவன் வீட்டிலிருந்து எனக்குப் பரிசம் போட வருகிறார்கள். அவன் அக்கா நாகமணியை நான் இப்போதே அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். நாங்கள் மூன்று பேர் மட்டும் ஏறுவதாகத்தான் பேச்சு. நாலாவதாக வந்து நின்றாள் ஷர்மினி, ரவாங்கில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்தவள்.

"பாவம்லா, அதுக்கு இங்க யாரையும் தெரியாது" என்றான். பாவமாம் பாவம்.

ஆகஸ்டு வெயில் மண்டையைப் பிளந்தது. மரங்கள் முடிந்து மேட்டுக்கு வந்தால், எங்கு பார்த்தாலும் லாலான் புல். நடுநடுவே இடுப்பளவு செண்டுடுக் புதர்கள், எல்லாவற்றிலும் ஊதாப் பூ. ரசிக்க எனக்கு எங்கே நேரம்? அவள் தண்ணீர் கேட்டால் இவன் போத்தல் மூடியைத் திறந்து கொடுக்கிறான். அவள் கால் வைக்கும் இடத்தில் முள்ளை ஒதுக்கிவிடுகிறான். நான் நடப்பதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தேன்.

"சும்மா வா புள்ள, அவன் எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் அண்ணி.

எல்லாருக்குமா? போன மாதம் இதே மலையில் நான் வழுக்கி ஓடைக்குள் விழுந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம். இவன் கரையில் நின்றுகொண்டு, "ஓய், ஏறி வா" என்றான். அவ்வளவுதான்.

சாப்பிட உட்கார்ந்து, அண்ணி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோது ஷர்மினியைக் காணவில்லை. கோகிலன் எழுந்து ஒரு தடவை "ஓய்" என்றான். பதில் இல்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஷர்மினி! ஷர்மினி!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டு புதருக்குள் ஓடினான். அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து பூவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவள், "என்னாச்சுண்ணே?" என்று போனும் கையுமாக எழுந்தாள்.

அண்ணி வாயில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, பேரச் சொல்லிட்டியேடா. எறங்குனதும் முனியாண்டி கோயில்ல இந்தப் பொண்ணுக்கு எலுமிச்சம்பழம் சுத்திப் போடணும்."

"அவளுக்கு ஒண்ணும் ஆகல அண்ணி" என்றேன். கோகிலனுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவனிடம் நேராகவே கேட்டேன். "நான் விழுந்தப்ப ஏன் இப்படிக் கத்தல?"

அவன் யோசிக்கவே இல்லை. "நீ எப்படியும் எந்திரிச்சி வந்துருவேன்னு தெரியும்லா."

என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பரிசத்துக்கு யாரும் வர வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் நடந்தேன். புல்லை மிதித்துக்கொண்டு பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. நின்றேன்.

மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தது அண்ணி.