மூன்றாவது துண்டு

பைபாஸ் முடிந்த இரண்டாம் நாள் காலை, மனைவி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்ததும் குழாய்க்காரர் முதலில் பேசியது இதைத்தான்.

"மூணாவதைத் தலைகீழா வச்சுட்டாங்க."

"எதை?"

"கால்லேர்ந்து எடுத்த ரத்தக்குழாயை. மூணு துண்டு போட்டாங்க. உள்ளே சின்னச் சின்னக் கதவு இருக்கு, நம்ம ஒருவழி வால்வு மாதிரி. முனை மாறினா அடைச்சுக்கும். ரெண்டு துண்டுக்குப் பாதப் பக்கம் நூல் கட்டினார். மூணாவதைக் கட்டப்போறப்போ யாரோ கூப்பிட்டாங்க. திரும்பினவர் அப்படியே தட்டுல போட்டுட்டார்."

"யாரு?"

"கண்ணாடிக் காம்புல நீலப் பிளாஸ்டர் சுத்தியிருப்பாரே, அவர்தான். நீ டாக்டர்கிட்ட கேளு. சும்மா விட்டுடாதே."

முப்பது வருஷத் தொழில். எந்த வால்வை மாட்டினாலும் தண்ணீர் நுழையும் பக்கம் ஒரு மஞ்சள் நூல் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். மயக்கத்திலும் மனுஷனுக்குக் குழாய் நினைப்புதான் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்தார். கடைசியாக நின்ற உதவி டாக்டரின் கண்ணாடியில் நீலப் பிளாஸ்டர்.

"ஐயா, மூணாவது குழாய் திரும்பியிருக்குன்னு இவர் சொல்றார்..."

"அண்ணே, உங்க குழாயை நீங்க பாருங்க, எங்க குழாயை எங்ககிட்ட விட்டுடுங்க!" என்றார் பெரிய டாக்டர், கட்டிலைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டருக்கு மனஸ்தாபம் வந்துவிடக் கூடாதே என்று அவளும் சிரித்தாள். நீலப் பிளாஸ்டர்காரர் தரையைப் பார்த்தார். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நான்காம் நாள் மதியம், அவளிடம் ஏதோ கேட்கத் தொடங்கி, கேள்வி முடியும் முன்னே அவர் மூச்சு நின்றது.

மூன்று வாரம் கழித்து உதவி டாக்டர் வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவர் சொன்னதை ஒண்ணுவிடாமச் சொல்லுங்கம்மா."

சொன்னாள். நூல், கூப்பிட்ட குரல், தட்டு.

"தைக்கிறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி விட்டு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்ப்போம். அன்னிக்கு அவசரம், பார்க்கலை. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. நிச்சயமாத் தெரியாததால வாயைத் திறக்கலை. ஆனா இதை அவருக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? பார்த்தாரே."

"அவர் கண்ணு ரெண்டையும் டேப் போட்டு ஒட்டியிருந்தோம்மா. மூச்சு, ரத்த ஓட்டம் எல்லாம் மெஷின்லதான் ஓடிட்டிருந்துச்சு. இதயத்தை நிறுத்தி அரை மணி நேரம் ஆகியிருந்துச்சு."

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் நூல். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க சிரிக்கலை, டாக்டர்," என்றாள் அவள். "நான்தான் சிரிச்சேன். அதையும் அவர் பார்த்தார்."