மங்கலான மாமன்

வல்லத்திராக்கோட்டை ஐயனார் கோயில் திடலில் மேளச் சத்தம் கேட்டதுமே சுகுணாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் ரத்தினவேல் வந்துவிட்டார்! மகள் நறுமுகையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு, கொம்பில் மாலை சுற்றிய கிடாயையும் இழுத்துக்கொண்டு வந்தேவிட்டார்.

கல்யாணத்துக்கு அப்புறம் அவர் சுகுணா வீட்டு வாசலை மிதித்ததில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவருக்கு அது சிரிப்பில்லை. கல்யாண ஆல்பத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று இருக்க, பின்னால் சீர்த்தட்டோடு நின்ற அண்ணன் மட்டும் ஈரச்சுவரில் படிந்த கறை மாதிரி மங்கிக் கிடந்தார். "மாமன் செய்முறைய ஊரு பாக்கக் கூடாதுன்னு, சொல்லி அழிச்சிருக்காங்க" என்று கோபித்துப் போனவர்தான்.

இன்றைக்குப் படமெடுக்க வந்திருந்தவள் சுகுணாவோடு கல்லூரியில் படித்த அன்னவாசல் ஃபர்ஹானா. அவள் ஸ்டாண்டில் ஏற்றிவைத்த பழைய ஃபிலிம் கேமராவைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது.

"ஆத்தாடி, இம்புட்டுப் பெருசா! நம்ம சனம் முச்சூடும் இதுல விழுந்துரும். ஏத்தா சுகுணா, நீ புள்ளையோட முன்னால உக்காரு. நாங்க தட்டோட பின்னால நிக்கிறோம்."

சொன்னபடியே மண்குதிரை வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஃபர்ஹானா சுகுணாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், இதுக்குள்ள குனிஞ்சு பாரு."

கேமராவின் தலையில் ஒரு சதுரக் கண்ணாடி. அதற்குள் திடல் முழுக்க வண்ணமாக மிதந்தது, இடம் வலமாக, வலம் இடமாக. ஃபர்ஹானா லென்ஸ் வளையத்தைத் திருகினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்த சித்தியின் மூக்குத்தி கூடத் தெளிந்தது. பின்னால் குதிரைகள் ஒவ்வொன்றாகப் புகையாகிக் கரைந்தன. குதிரைக்கு முன்னால் நின்ற அண்ணனும் கரைந்தார்.

சுகுணா சட்டென்று நிமிர்ந்தாள். "அடியே, திரும்பவும் அழியிறாருடி! போன்ல எடுத்தா கடைசிக் குதிரை வரைக்கும் தெரியுதே, இம்புட்டுப் பெரிய கேமராவுல ஏன் தெரிய மாட்டேங்குது?"

"பெருசா இருக்கிறதாலதான்டி. போனுக்குள்ள படம் விழுற எடம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறுசு. இதுல ஃபிலிமு தீப்பெட்டியைவிடப் பெருசு. அதே காட்சிய அதுல ரொப்பணும்னா லென்ஸு நீளமா வேணும், அது வாயும் அகலமாயிரும். அப்ப நாம குறி வச்ச தூரத்துல உள்ளது மட்டுந்தான் பளிச்சுன்னு நிக்கும். மத்ததெல்லாம் கரைஞ்சுரும்."

"வாயச் சுருக்கேன்."

"சுருக்கலாம். இந்த மர நெழலுக்கு வெளிச்சம் பத்தாது. ரொம்ப நேரம் தெறந்து வைக்கணும். ஒம் மக அசையாம இருப்பாளா?"

நறுமுகை அதற்குள் சித்தியின் தோட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

சுகுணா மறுபடி குனிந்து, வளையத்தைத் தானே திருகினாள். அண்ணன் தெளிந்தார், பிள்ளை கரைந்தது. இங்கிட்டுத் திருகினால் பிள்ளை, அங்கிட்டுத் திருகினால் அண்ணன். ரெண்டு பேரும் ஒரே தூரத்தில் இருந்தால்?

"ஃபர்ஹானா! காது குத்தயில மாமன் மடியிலதானே புள்ள உக்காரணும்?"

"அழுவாளேன்னுதான் முன்னாடியே எடுத்துறலாம்னு நெனச்சேன்..." என்றவள் துள்ளினாள். "அழட்டும்டி! வாய் அகலமா இருந்தா வெளிச்சம் கொட்டும், கண்ணிமைக்குற நேரத்துல எடுத்துருவேன். ஆட்டமே தெரியாது!"

சுகுணா ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துவந்து கண்ணாடிக்குள் குனியவைத்தாள். தான் நின்ற இடத்தில் இப்போது நிற்கும், தன்னோடு தட்டேந்தி வந்த மச்சினன் புகையாகக் கரைவதையும், வளையத்தைத் திருகியதும் திரும்பி வருவதையும் அவர் பார்த்தார். திருகித் திருகிப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு என்னைய யாரும் அழிக்கச் சொல்லலையா?"

"நீங்க பின்னால நின்னீங்க, அம்புட்டுதாண்ணே," என்றாள் ஃபர்ஹானா.

அவர் விறுவிறுவென்று போய் மணையில் உட்கார்ந்து மருமகளை மடியில் வாங்கிக்கொண்டார். "தட்டெல்லாம் எனக்குச் சரியா ரெண்டு பக்கமும் வைங்கடா. ஒரு தட்டு முன்னப்பின்ன போகக் கூடாது!"

ஆசாரி ஊசியை வைத்தார். நறுமுகை வீலென்றாள். மாமன் கண்ணிலும் பொலபொலவென்று நீர். 'டப்' என்று கேமரா அடித்தது.

"காட்டுத்தா, பாப்போம்."

"ஃபிலிமுண்ணே, கழுவித்தான் பாக்கணும். வெள்ளிக்கிழமை சுகுணா வீட்டுக்குக் கொண்டாரேன். கிடா மட்டும் பின்னால நின்னு மங்கிருச்சு."

"அது கோவிச்சுக்கிறதுக்குள்ள கொழம்பாயிரும்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார் ரத்தினவேல். பிறகு தங்கையைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை காலையிலயே வாரேன். இட்லி ஊத்தி வை."