தோவா போட்டிருந்த அங்கி

எனக்கு ரத்தம் கொதிச்சுது. மூணு வருஷமா நாங்க டிவிக்கு வரையற சண்டைத் தொடரோட கடைசி மோதல் திரையில ஓடிட்டிருந்துது. நாயகன் கென்சாகுகிட்ட அடிவாங்கி விழுந்த எதிரி தோவா, மழைச் சேத்துல கையூன்றி எழுந்திரிக்கறான். அவன் சாகக் கூடாது, தோத்தாலும் எழுந்து நிக்கணும்னு இயக்குநர் தொபாரியோட ஒரு வருஷம் மல்லுக்கட்டி ஜெயிச்சவ நான்.

எழுந்து நின்னவனோட அங்கியைப் பார்த்தேன். இடப்பக்கத்து மேல வலப்பக்கம் மடிஞ்சிருந்துது. எங்க நாட்டுல பொணத்துக்குத்தான் அப்படி உடுத்துவாங்க. போன மாசம் எங்கப்பாவைப் பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி இந்தக் கையாலதான் அப்படி மூடினேன்.

"எவன் இதைத் திருப்பிப் போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்," என்றான் தொபாரி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தவங்க, மரியாதையெல்லாம் கிடையாது. "அவன் வலப்பக்கம் பார்த்து எழுந்திரிக்கணும். புதுசா வரைய நேரமில்ல, இடப்பக்கம் பார்த்த படத்தையே கம்ப்யூட்டர்ல கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிட்டோம். ரெண்டு செகண்டுதான், மினோவா. யார் கவனிக்கப் போறா?"

"நாடே கவனிக்கும். பொணம் எழுந்திரிக்குதுன்னு சிரிப்பாங்க. கொல்லணும்னு நெனச்ச, கொன்னுட்ட. வெக்கமா இல்ல உனக்கு?"

அவன் அந்தக் காட்சியோட படங்கள் இருந்த உறையை மேசையில போட்டான். 'திருப்பியது சரி'ங்கற கட்டத்துல சிவப்பா என் முத்திரை.

உறையில வர்ற படங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தறது என் வேலை. போன வியாழக்கிழமை அறுபது உறை வந்துது. பிரிச்சுக்கூடப் பார்க்காம மடமடன்னு குத்தித் தள்ளியிருக்கேன். என்மேலயே ஆத்திரம் பொங்க, முத்திரையைக் குப்பைக்கூடையில வீசினேன்.

"ஆறு மணிக்கு டிவிக்காரங்களுக்கு அனுப்பணும்," என்றான். மணி பன்னெண்டு. "இருபத்திநாலு படம். அங்கியை மட்டும் மாத்துவோம். பன்னெண்டு உனக்கு, பன்னெண்டு எனக்கு."

"உன் கோடு கயிறு மாதிரி இருக்கும். தொடாத."

"நீ மட்டும் ரொம்பப் பார்த்துக் குத்தினியாக்கும். நகரு."

நகர்ந்தேன். சோத்து உருண்டையை யாரோ வச்சுட்டுப் போனாங்க, ரெண்டு பேரும் தொடல. அப்பாவை மூடின அதே கையால தோவாவுக்கு இடப்பக்கத்தை மேல இழுத்துவிட்டேன், பன்னெண்டு தடவை.

அஞ்சே முக்காலுக்கு, குப்பையில இருந்து எடுத்துத் துடைச்ச முத்திரையைத் தொபாரி நீட்டினான். "குத்து. நேரமாச்சு."

"இரு."

இருபத்திநாலையும் ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்த்தேன். அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னான். நான் குத்தினப்போ மணி ஆறு தாண்டியிருந்துது.